வேரும் வழியும்: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நடை



தேனி மாவட்டத்தைப் பற்றி எழுதுவோர் மேகமலையின் மூடுபனியையும் சுருளியின் சாரலையும் கம்பத்துப் பன்னீர்த் திராட்சையையும் எழுதுவார்கள். அவற்றை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். இக்கட்டுரையும் உங்களை அதே ஊர்களுக்குத்தான் அழைத்துச் செல்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோள்: இம்முறை மலைமுகட்டை மட்டும் பார்த்து நடக்காதீர்கள். சற்றுக் குனிந்து, நீங்கள் கால் வைக்கும் தரையையும் பாருங்கள்.

பூங்காவிலோ, கல்லூரி வளாகத்திலோ, பள்ளிவாசல் முற்றத்திலோ சிமெண்ட் பாவிய பாதை ஓரிடத்தில் விம்மிப் பிளந்திருப்பதைக் காண்பீர்கள். அதன் அருகில் ஒரு மரம் நிழல் பரப்பி நிற்கும். பிளவுக்குக் கீழே அம்மரத்தின் வேர் ஓடும். அவ்விடத்தில் ஒருவர் தடுக்கி விழுந்துவிட்டால் மறுநாளே ஒரு குரல் எழும்: "இந்த மரத்தை வெட்டுங்கள்!" மற்றொரு குரல், "மரம் வெட்டுவது பாவம், அப்படியே விடுங்கள்" என்று சொல்லும். இவ்விரண்டு குரல்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேனியிலிருந்து தெற்கு நோக்கி

மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 1997 ஜனவரி முதல் நாளன்று தனி மாவட்டமானது தேனி. மதுரையிலிருந்து வந்த பழைய மீட்டர்கேஜ் இரயில் 2010 இறுதியில் நிறுத்தப்பட்டு, அகல இரயில் பாதையாக 2022 மே மாதத்தில் தேனிக்கும் 2023 ஜூன் மாதத்தில் போடிநாயக்கனூருக்கும் மீண்டும் வந்து சேர்ந்தது. எனவே குடும்பத்தோடு இரயிலில் வந்திறங்கி, அங்கிருந்து பேருந்தில் கம்பம் நோக்கிப் புறப்படலாம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் ஆகிய ஊர்கள் வழியில் வரும். 1956-இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி உத்தமபாளையத்தில் இருப்பதை நம் சமுதாயத்தார் பலரும் அறிவர்.

இப்பள்ளத்தாக்கின் பசுமை தானாக வந்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் லோயர் கேம்ப் பக்கம் இறங்கிய பிறகே இம்மண்ணின் வாழ்வு மாறியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் நிலமானது அந்த நீரால்தான். வயலுக்கு நீர் வந்தது. வழிப்போக்கனுக்கு நிழல் தந்தவை சாலையோரப் புளியமரங்கள். சாலைகள் அகலமானபோது அவற்றில் பல போயின. ஆகவே எஞ்சிய மரங்களின் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

இதே காலத்தில் நடப்பவர்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. 2023 நவம்பர் 4-ஆம் நாள் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீள நடைப்பாதைகளை அறிவித்தது. 8 கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 10,000 எட்டுகள் வைத்தவராவோம் என்பது அதன் கணக்கு. ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேராக நடைப்பயிற்சிக்குப் புறப்படும் பெரியவர்களை இன்று எல்லா ஊர்களிலும் காணலாம். நம் தாய்மார்களும் மருத்துவர் சொற்படி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நடப்பவர் நாடுவது நிழலை. நிழல் இருக்குமிடத்தில் வேரும் இருக்கும்.

அரை அங்குலத்தின் ஆபத்து

"சின்ன மேடுதானே" என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். இளைஞனின் கால் தாண்டிச் செல்லும் மேட்டில் முதியவரின் கால் மாட்டிக்கொள்ளும். வயது ஏற ஏற நாம் பாதத்தை உயர்த்தாமல் தரையோடு இழுத்து நடக்கிறோம். நீரிழிவு நோய் முற்றியவர்களுக்குப் பாதத்தின் உணர்வும் மங்கிவிடுகிறது. விடியற்காலை வெளிச்சத்தில் சிமெண்ட் பலகையின் விளிம்பு கண்ணுக்கும் தெரிவதில்லை. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர் மீண்டும் தம் காலில் பள்ளிவாசலுக்கு வருவது எளிதன்று.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க விதிமுறை இதற்கு ஓர் அளவு சொல்கிறது. நடைபாதையில் கால் அங்குலம் வரையிலான ஏற்றத்தாழ்வை அப்படியே விடலாம். கால் அங்குலத்துக்கு மேல் அரை அங்குலம் வரை இருந்தால் விளிம்பைச் சரிவாகச் செதுக்க வேண்டும். அதற்கும் மேலானால் சாய்தளம் அமைத்தாக வேண்டும். ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்தால் ஏறத்தாழ அரை அங்குல உயரம் இருக்கும். உங்கள் ஊர்ப் பாதையில் அதைவிட உயர்ந்த விளிம்பு இருந்தால், அது செப்பனிட வேண்டிய இடம்.

வேர் ஏன் பாதையைத் தேடுகிறது?

மரத்தின் வேர் கிளைகளைப் போல ஆழத்தில் விரிந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறன்று. மரத்துக்கு உணவும் நீரும் தேடித் தரும் வேர்களில் பெரும்பாலானவை தரையின் மேல் இரண்டடிக்குள்ளேயே, மரத்தின் நிழல் எல்லையையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவுகின்றன. வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ஆழத்தில் இறுகிய மண்ணில் காற்று இல்லை.

இப்போது சிமெண்ட் பாதையை எண்ணிப் பாருங்கள். பலகைக்கு அடியில் வெயில் படுவதில்லை. ஈரம் ஆவியாகி மேலே வந்து பலகையின் அடிப்புறத்தில் நீராகப் படிகிறது. பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் மெல்லிய காற்று இடைவெளியும் இருக்கிறது. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இவ்விடத்தில் நூல் போன்ற வேர் நுழைகிறது. பின்னர் ஆண்டுதோறும் பருக்கிறது. நூல் கயிறாகி, கயிறு கை மொத்தமாகும்போது பலகை தூக்கப்படுகிறது. நாம் பாதை போட்ட முறையே வேரை அங்கு அழைத்தது. அடித்தளமாகச் சரியான ஜல்லி இல்லாமல், மண்ணின் மேலேயே மெல்லிய சிமெண்டை ஊற்றிய பாதைகள் முதலில் பிளப்பதன் காரணம் இதுவே.

அடிமரத்தைச் சுற்றி ஒரு விரலளவு மண்கூட விடாமல் சிமெண்ட் பூசிவிடும் பழக்கம் இன்னும் மோசமானது. மழைநீர் இறங்க வழியின்றி மரம் வாடும். அதன் வேர் இன்னும் தொலைவு சென்று பலகைகளின் அடியில் ஈரம் தேடும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. நம் ஊரில் அதைச் செய்ய யாருடைய உத்தரவும் தேவையில்லை. ஒரு கடப்பாரையும் அரைநாள் உழைப்பும் போதும்.

வெட்டினால் தீருமா?

பாதை பிளந்ததும் வழக்கமாக நடப்பது என்ன? ஜேசிபி இயந்திரம் வருகிறது. பலகையோடு வேரும் அறுபடுகிறது. அதே இடத்தில் அதே போல் மறுபடி சிமெண்ட் ஊற்றப்படுகிறது. அறுபட்ட முனையிலிருந்து ஒரு வேருக்குப் பதிலாகப் பல வேர்கள் முளைக்கின்றன. சில ஆண்டுகளில் பாதை மீண்டும் விம்முகிறது. செலவு இரட்டித்ததே மிச்சம்.

அதைவிடப் பெரிய ஆபத்து காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மலைக்கணவாய்கள் வழியே இப்பள்ளத்தாக்கில் எப்படிக் காற்று வீசும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. மேற்கிலிருந்து காற்று தள்ளும்போது மரத்தை விழாமல் இழுத்துப் பிடித்திருப்பவை மேற்குப் பக்கத்து வேர்கள். கூடாரத்தின் கயிறுகளைப் போல அவை வேலை செய்கின்றன. பாதைக்காக அந்தப் பக்கத்து வேர்களை அறுத்துவிட்டு, ஆடிக் காற்றில் மரம் சாய்ந்தால், "பழைய மரம், விழுந்துவிட்டது" என்கிறோம். மரம் முதுமையால் விழவில்லை. நாம் கயிற்றை அறுத்ததால் விழுந்தது.

வேரை அறுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் மரவியலார் ஓர் அளவு சொல்கிறார்கள். அடிமரத்தின் குறுக்களவைப் போல் மூன்று மடங்கு தொலைவுக்குள் எந்தப் பெரிய வேரையும் தொடக் கூடாது. ஐந்து மடங்கு தள்ளி அறுப்பதே நல்லது. இரண்டடிக் குறுக்களவுள்ள வேப்பமரமென்றால் ஆறடிக்குள் கைவைக்கக் கூடாது. பத்தடி தள்ளியிருந்தால் ஓரளவு அச்சமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அறுக்கக் கூடாது. இயந்திரத்தால் பிய்த்து இழுக்காமல், மண்ணைக் கையால் விலக்கி, கூரிய கைரம்பத்தால் நேராக அறுக்க வேண்டும்.

மரம் நிற்கட்டும், பாதை மாறட்டும்

செப்பனிடும் முறைகள் பல உண்டு. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, இன்றே செய்யக்கூடியது. தடுக்கும் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் வண்ணம் பூசுங்கள். இது நிரந்தரத் தீர்வன்று. ஆனால் நாளைக் காலையில் நடப்பவரை இது காக்கும். விளிம்பு சிறிதாக இருந்தால் கல் அறுக்கும் இயந்திரத்தால் சரிவாகத் தேய்த்துவிடலாம்.

இரண்டாவது, பாதையை வளைப்பது. மரத்தின் அருகே வரும்போது பாதை நாலைந்து அடி விலகி வளைந்து சென்றால் என்ன குறைந்துவிடும்? உலாவச் செல்லும் பாதை நேர்கோடாக இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. இடமிருக்கும் பூங்காக்களுக்கும் கல்லூரி வளாகங்களுக்கும் இதுவே மிகச் சிறந்த வழி.

மூன்றாவது, வேரின் மேல் பாதையை ஏற்றுவது. உடைந்த பலகையை எடுத்துவிட்டு, வேரை அறுக்காமல், அதன் மேல் துணி விரிப்பும் ஜல்லியும் பரப்பி, இருபுறமும் நீண்ட சரிவாகப் பாதையை உயர்த்தலாம். ஓரடி உயர்வதற்கு இருபதடி நீளச் சரிவு கொடுத்தால் சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும். ஆனால் அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்கலாகாது; பட்டை அழுகிவிடும்.

நான்காவது, இளகும் தளம். ஒரே பலகையாகச் சிமெண்ட் ஊற்றுவதற்குப் பதிலாக, மரத்தை அடுத்த பகுதியில் மட்டும் ஜல்லிப் படுகையின் மேல் பேவர் பிளாக் கற்களைப் பதிக்கலாம். வேர் பருத்துக் கற்கள் எழும்பினால், கொத்தனார் ஒருவர் அவற்றைப் பெயர்த்து, மட்டம் செய்து, அதே கற்களை மீண்டும் பதித்துவிடுவார். கற்களுக்கு இடையே மழைநீரும் இறங்கும். பள்ளிவாசல் முற்றங்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும்.

ஐந்தாவது, பாலம். வாய்க்காலின் மேல் கற்பலகை போட்டுக் கடப்பது நம் பள்ளத்தாக்கு மக்களுக்குப் புதிதன்று. அதே போல, வேர்களுக்கு இடையே சிறு தாங்கிகளை நிறுத்தி, அவற்றின் மேல் கற்பலகையோ கம்பி கட்டிய பலகையோ போட்டுவிட்டால் வேர் அடியில் தன் போக்கில் வளரும். மனிதன் மேலே தன் போக்கில் நடப்பான். செலவு சற்றுக் கூடும். நூறாண்டு கண்ட ஆலுக்கும் புளிக்கும் அச்செலவு தகும்.

எம்முறையாயினும் நடப்பதற்கு எஞ்சும் அகலத்தையும் பார்க்க வேண்டும். தெருவோர நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதல். ஒருவரையொருவர் இடிக்காமல் இருவர் கடந்து செல்ல அது போதும்.

வைகையும் சுருளியும்

பெருநாளுக்கு அடுத்த நாட்களில் நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு நாடிச் செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பூங்கா. ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த பூங்காவை ஒரு சிறு பாலம் இணைக்கிறது. மற்றொன்று, கம்பத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள சுருளி அருவி.

இவ்விரண்டு இடங்களுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. பூங்கா மனிதன் அமைத்தது. அங்கே எந்த மரத்தை எங்கே வைப்பது, பாதையை எங்கே வளைப்பது என்பவை நம் கையில் உள்ளன. சுருளியோ காடு. 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. யானைகள் நடமாடும் நாட்களில் அருவிக்குச் செல்லவே அனுமதி கிடைப்பதில்லை. அங்கே நாம் விருந்தினர், வேர்தான் வீட்டுக்காரர். காட்டுப் பாதையில் வேர் தலைகாட்டினால் அதை அறுக்கவும் கூடாது, சிமெண்டால் மூடவும் கூடாது. கல்லும் கிராவலும் பரப்பி மட்டம் செய்வதே தகும். மழைக்காலத்தில் வேர் வழுக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

புதிதாக நடுவோர் கவனத்துக்கு

இன்றைய பிளவுக்குக் காரணம் அன்று நட்டவர் நட்ட இடம். பாதைக்கு இரண்டடி தள்ளி ஆலோ அரசோ தூங்குமூஞ்சியோ நட்டுவிட்டுப் பிறகு வேரைக் குறைகூறுவது நியாயமன்று. மயிற்கொன்றையும் மேல்வேர் பரப்பும் இனமே. அவற்றைத் திறந்த வெளியில் நடுங்கள். பாதையோரத்துக்கு வேம்பும் புங்கையும் நல்லவை. அவற்றையும் ஆறேழு அடி தள்ளி, தாராளமான குழியில் நட வேண்டும். கன்றுக்கு நாள்தோறும் ஒரு குவளை நீர் ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். வாரத்தில் ஓரிரு முறை நிறைய ஊற்றினால் ஈரம் கீழே இறங்கி, வேரையும் கீழே அழைத்துச் செல்லும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1990-களில் ஒரு கலவையை உருவாக்கினார்கள். பெரிய ஜல்லிக் கற்களுடன் சிறிதளவு களிமண் கலந்து பாதைக்கு அடியில் நிரப்புவார்கள். கற்கள் ஒன்றையொன்று தாங்கிப் பாதையின் சுமையை ஏற்கும். இடைவெளிகளில் வேர் பலகையைத் தூக்காமல் ஆழத்தில் பரவும். ஜல்லிக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் இது எட்டாத வித்தையன்று.

இரண்டு உரிமைகள்

வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பதையும் அறிவோம். மக்கள் நடக்கும் வழியையும் அவர்கள் தங்கும் நிழலையும் அசுத்தப்படுத்த வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, வழியையும் நிழலையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். இரண்டும் பொதுமக்களின் உரிமை. ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிப்பது எப்படிச் சரியாகும்? மரத்தை விட்டுவைக்கிறோம் என்று சொல்லிப் பிளந்த பாதையை அப்படியே விட்டு, முதியவரை விழச் செய்வதும் கருணையன்று. பாதை சீராகட்டும் என்று அறுபதாண்டு மரத்தை ஒரே பகலில் சாய்ப்பதும் அறிவன்று.

உள்ளீடற்றுப் போன மரம், ஏற்கெனவே வேரிழந்து சாய்ந்த மரம் ஆகியவற்றை அகற்றத்தான் வேண்டும். அப்போதும் பொதுவிடத்து மரமானால் அரசின் முறையான அனுமதி பெற வேண்டும்; ஜமாஅத்தோ தனிநபரோ தாமாக வெட்டலாகாது. அகற்றிய இடத்துக்கு ஈடாக வேறு மரங்களை நட்டு வளர்ப்பதும் கடமை.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஆண்டுக்கொருமுறை, ஜமாஅத்தின் இளைஞர்கள் நாலைந்து பேர் பள்ளிவாசல் முற்றம், மையவாடிக்குச் செல்லும் வழி, மதரஸா வாசல் ஆகிய இடங்களை நடந்து பார்க்கட்டும். கையில் ஒரு தீப்பெட்டியும் கொஞ்சம் மஞ்சள் வண்ணமும் போதும். நகராட்சிப் பூங்காவானால் எந்த இடம், எவ்வளவு உயரம், என்ன செய்யலாம் என்று குறித்து மனுவாகக் கொடுங்கள். "மரத்தை வெட்டுங்கள்" என்னும் மனுவுக்குப் பதிலாக "மரத்தை விட்டுப் பாதையை வளையுங்கள்" என்னும் மனு இப்பள்ளத்தாக்கிலிருந்து செல்லட்டும்.

அடுத்த விடுமுறையில் கம்பம் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். மலையையும் பாருங்கள், அருவியிலும் நனையுங்கள். நிழலில் நடக்கும்போது அந்நிழலுக்கு உரிய வேரையும் ஒருமுறை நினையுங்கள். நடப்பவர்க்குப் பாதுகாப்பான வழியையும், களைத்தவர்க்குக் குளிர்ந்த நிழலையும் நம் ஊர்களில் நிலைபெறச் செய்ய வல்ல அல்லாஹ் நமக்குத் துணை செய்வானாக. ஆமீன்.